நிலச் சூழலியல் பயில விழைவோர்க்கு

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



கழகத்தின் இருபத்தைந்தாண்டு வரலாற்றைப் பாராட்டி நான் பேசுவேன் என அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அப்பணியை எனக்கு முன் பேசியோர் செவ்வனே நிறைவேற்றிவிட்டனர். ஆகவே நேற்று மாலை விடுதியில் மேனிலை வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட வினாவையே என் உரைப்பொருளாகக் கொள்கிறேன். "ஐயா, சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க விரும்புகிறேன். அதிலும் நிலத்தைப் பற்றிப் படிக்க ஆசை. எந்தப் பட்டத்தில் சேர வேண்டும்? எந்தெந்தப் பாடங்களை எடுக்க வேண்டும்?" என்று அவள் கேட்டாள். அருகில் நின்ற அவள் தந்தையார் இடைமறித்தார். "மண்ணில் கிடந்து உழல்வது எங்களோடு போகட்டும் என்றுதானே ஐயா இவளைப் படிக்க வைக்கிறோம். படித்தும் மண்ணுக்கே திரும்புவதா?" என்றார். மகளின் வினாவினும் தந்தையாரின் வினா கடினமானது. அதனை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் தந்தையார் செங்கற்பட்டு வட்டாரத்தில் ஓர் ஏரியின் நீர்க்கட்டியாக இருந்தவர். மதகை எவ்வளவு திறந்தால் கடைமடை வயலுக்கு எப்பொழுது நீர் சேரும் என்பதை ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்தார். ஈரமண்ணை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்து நாடாவைப் போல் நீட்டிப் பார்த்து, அதில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று சொல்லுவார். அதே சோதனையைப் பிற்காலத்தில் மண்ணியல் பாடநூலில் படித்தபோது நான் வியந்து போனேன். ஆயினும் நீர்ப்பங்கீடு குறித்து ஊரார் கூடிப் பேசிய நாள்களில் அவர் கருத்தை ஒருவரும் கேட்டதில்லை. அவர் அறிவு சான்றாக ஏற்கப்படவில்லை.

சான்று என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டிய தீர்ப்பு அது. வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த முதற்கட்டக் கணக்கு அதில் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்பது அக்கணக்கு. கிணற்று நீர் கெட்டுவிட்டதைக் குடித்த மக்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். எனினும் நீதிமன்றத்தில் நின்றது, வயல் வயலாகச் சென்று எவரோ எடுத்து வந்த மாதிரியும் அதன் அளவீடும்தான். அந்த 'எவரோ' நம் வீட்டுப் பிள்ளையாக இருத்தல் வேண்டும் என்பது என் ஆசை.

அண்ணல் அம்பேத்கர் 1918-ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். துண்டு நிலங்களை ஒன்றுசேர்ப்பதால் மட்டும் உழவரின் வறுமை தீராது, நிலத்தில் தேங்கி நிற்கும் மிகையான உழைப்பைத் தொழில் வளர்ச்சி ஈர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. நம் மாணவியின் தந்தையார் சொன்னதும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அதனைச் சொல்வதற்கு அண்ணல் நிலத்தைப் பயின்றார் என்பதையும் அப்பெரியவர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இனி மகளின் வினா.

பட்டத்தின் பெயரில் மயங்க வேண்டா. இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திய வனப்பணித் தேர்வை எழுதக் கால்நடைப் பராமரிப்பும் மருத்துவமும், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம் வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் இவற்றில் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் என்னும் பெயர் அப்பட்டியலில் இல்லை. மாநிலப் பணிகளிலும், புதுப்பெயர் தாங்கிய பட்டம் பழைய பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை உண்டா என்ற கேள்வி எழும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஓராண்டுத் தாமதம். நம் வீட்டுப் பிள்ளைக்கோ படிப்பே முடிந்துபோகும் இடம்.

ஆதலின் நான் கூறும் வழி இது. இளநிலையில் தாவரவியல், வேதியியல், நிலவியல் இவற்றுள் ஒன்றை முதன்மைப் பாடமாகக் கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அறிவியலை முதுநிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அறிவியலிலேயே இளநிலை சேர்ந்துவிட்ட மாணவர், நான் சொன்ன பட்டியலிலுள்ள பாடமொன்றைச் சார்புப் பாடமாகவேனும் பெற்று, அது மதிப்பெண் சான்றிதழில் தனிப்பெயரோடு விளங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் அடித்தளம் மேனிலையில் கணிதமும் உயிரியலும் ஒருங்கே அமைந்த பிரிவு. கணிதம் கடினம் என்று நம் பிள்ளைகளைத் தட்டிக்கழித்து வேறு பிரிவில் சேர்க்கும் ஆசிரியர்கள் இன்றும் உளர். பெற்றோர் அங்கே இணங்கிவிடலாகாது.

சேர்ந்த பின் பாடங்களை எவ்வாறு வரிசைப்படுத்துவது? ஹான்ஸ் ஜென்னி என்னும் மண்ணியல் அறிஞர் 1941-இல் வெளியிட்ட நூலில், மண் உருவாவதற்கு ஐந்து காரணிகளைக் கூறினார். தட்பவெப்பம், உயிர்கள், நில மேடுபள்ளம், தாய்ப்பாறை, காலம் என்பன அவை. என் மாணவர்க்கு இவ்வைந்தையே பாடத்திட்டத்தின் வரைபடமாகக் கொடுத்து வந்தேன். வானிலையியல், தாவரவியலும் நுண்ணுயிரியலும், நிலப்பட வரைவு, நிலவியல் என ஒவ்வொரு காரணிக்கும் ஒரு பாடம் உண்டு. விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பருவத்திலும், இவ்வைந்தில் எது இன்னும் வெற்றிடமாக உள்ளது என்று பார்த்தால் போதும். நண்பர்கள் எடுத்தார்கள் என்பதற்காகவோ, அவ்வாசிரியர் மதிப்பெண் தாராளமாக இடுவார் என்பதற்காகவோ எடுக்கும் பாடங்கள் பட்டியலில் நிற்கும், தலையில் நிற்கா.

ஓர் எச்சரிக்கை. இன்றைய முறையில் ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட். செய்முறைக்கோ வாரம் இரண்டு மணி நேரம் உழைத்தால்தான் அந்த ஒரு கிரெடிட் கிட்டும். எனவே மாலையில் வேலைக்குப் போகும் மாணவன், செய்முறைப் பாடங்களைத் தவிர்த்து விரிவுரைப் பாடங்களையே நாடுவான். அவன் நிலையை நான் அறிவேன். நானும் அவ்வாறே செய்தவன். ஆய்வுக்கூடத்தில் கைபடாதவனுக்கு இத்துறையில் இடமில்லை என்பதைப் பின்னர் வருந்திக் கற்றேன்.

அதைவிடப் பெரிய இழப்பு புள்ளியியலால் நேர்ந்தது. நான் பயின்ற கல்லூரியில், "உங்களுக்கு எதற்கு அது?" என்று அலுவலகத்தில் ஒருவர் கூறியதைக் கேட்டு, புள்ளியியல் சார்புப் பாடத்தை விட்டுவிட்டேன். 'உங்களுக்கு' என்று அவர் யாரைக் குறித்தார் என்பது அப்பொழுதே எனக்கு விளங்கியது. விளங்கியும் வாய் திறக்கவில்லை. முதுநிலை ஆய்வில் ஐம்பது இடங்களில் எடுத்த மாதிரிகளை வைத்துக்கொண்டு, வேறுபாடு உண்மையானதா தற்செயலானதா என்று சொல்லத் தெரியாமல் ஓராண்டை இழந்தேன். முதலாண்டிலேயே புள்ளியியலையும் வேதியியலையும் முடித்துவிடுங்கள். வேதியியல் அறியாது மாசு பற்றிப் படிப்பது நாளேடு படிப்பதை ஒக்கும்.

வேதியியலின் பயனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று. நான் மண் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய காலத்தில் நம் மக்களிடமிருந்து மண் மாதிரி வருவதே அரிது. நிலமிருந்தாலன்றோ மாதிரி வரும்! ஒருநாள் முதியவர் ஒருவர் துணிப்பையில் மண் கொண்டுவந்தார். பஞ்சமி நிலம். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக 1892-இல் அரசு ஆணையிட்டு நம் முன்னோர்க்கு ஒப்படைத்த நிலங்களுள் ஒன்று. அவற்றுட் பெரும்பாலானவை தரிசாகக் கிடந்தவை என்பது நீங்கள் அறிந்ததே. "இது உவர் நிலம் என்றார்கள். மூன்று மழைக்காலம் நீரைத் தேக்கிக் கழுவினேன். கழுவக் கழுவக் கல்லாகிறது. விற்றுவிடச் சொல்கிறார்கள்" என்றார் முதியவர்.

சோதித்துப் பார்த்தேன். மின்கடத்து திறன் குறைவு, பி.எச். அளவோ 9-ஐக் கடந்திருந்தது. அது உவரன்று, களர். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். வடிகால் அமைத்து நன்னீரால் கழுவினால் அவை நீங்கும். களர் நிலத்திலோ சோடியம் களித்துகளைப் பற்றிக்கொண்டிருக்கும். அதனை வெறும் நீரால் கழுவினால் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்து நிலம் இறுகிப்போகும். ஜிப்சம் இட்டு, அதிலுள்ள கால்சியத்தால் சோடியத்தை வெளியேற்றிய பின்னரே நீர் பாய்ச்சி வடிக்க வேண்டும். பின்பு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். முதியவர் அவ்வாறே செய்தார். இரண்டாம் ஆண்டு நெல் வந்தது. அமோக விளைச்சலன்று, ஆனால் நிலத்தை விற்கும் பேச்சு நின்றது. இரண்டு அளவீடுகள் தெரியாமையால் அவர் மூன்றாண்டு உழைப்பையும், கிட்டத்தட்ட நிலத்தையுமே இழக்க இருந்தார்.

எந்தப் பல்கலைக் கழகப் பாடத்திட்டத்திலும் நான் காணாத பாடம் ஒன்றுண்டு. அது வருவாய்த் துறைப் பதிவேடுகளை வாசிப்பது. கிராமத்தின் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராக மண் வயனமும் ரகமும் தரமும் குறிக்கப்பட்டிருக்கும். அடங்கலில் அந்நிலத்தில் எப்பருவத்தில் என்ன பயிர் நின்றது என்பது இருக்கும். நிலச் சூழலியல் மாணவர்க்கு இவை பெரும் கருவூலம். நிலம் யாருடையது என்று பேசும் அதே ஏடுதான் நிலம் எத்தன்மையது என்றும் பேசுகிறது. விடுமுறையில் உங்கள் ஊர்ப் பதிவேட்டின் நகலைப் பெற்று வாசித்துப் பழகுங்கள். இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தைத் தொலைதூர மலைக்காடுகளில் அமைப்பதைவிட உங்கள் ஊர் ஏரியின் ஆயக்கட்டில் அமைப்பது நன்று. செலவும் குறைவு, கேட்டறிய உங்கள் பாட்டனாரே இருப்பார்.

சுற்றுச்சூழல் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுக்க வாய்ப்பிருப்பின் விடவேண்டா. 2006-ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு வழிசெய்கிறது. வட்டார மொழியில் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதனைப் படித்து, அதிலுள்ள மண் அட்டவணை சரியா என்று எழுந்து கேட்க ஊருக்கு ஒருவர் வேண்டாவா?

முதுநிலைக்குப் புதுவைப் பல்கலைக் கழகம், தில்லி சவகர்லால் நேரு பல்கலைக் கழகம் போன்ற இடங்கள் உள்ளன. மத்தியப் பல்கலைக் கழகங்களுக்குரிய பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். உதவித்தொகை விவரங்களைக் கழக அலுவலகத்தில் கேட்டறிக. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கைவசம் இருக்கட்டும்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் மண் மாதிரி எடுக்கும் முறையைக் காட்டலாம் என்றிருக்கிறேன். மேற்சருகை நீக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டுவதில் தொடங்குவோம். விருப்பமுள்ள மாணவர்கள் ஒரு மண்வெட்டியும் தூய வாளியும் கொண்டு வருக. நேற்று வினவிய மாணவியின் தந்தையாரும் உடன் வந்தால் மகிழ்வேன். களியும் மணலும் கலந்த மண்ணை விரலால் தேய்த்துச் சொல்ல அவரினும் தகுந்தவர் இங்கு இலர்.