வயிற்றுவழிச் சுத்திகரிப்பும் கலங்கிய பையும்



சிறுநீரகம் செயலிழந்தவர்களுள் சிலர் மருத்துவமனைக்குச் சென்று இயந்திரத்தின் முன் அமராமல், இல்லத்திலேயே உடற்கழிவை நீக்கிக் கொள்கின்றனர். வயிற்றில் பொருத்திய மென்குழாய் வழியே ஏறத்தாழ 2 லிட்டர் மருந்துநீரைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வடித்துவிடுவர். பெரும்பாலோர் நாளொன்றுக்கு 4 முறை இவ்வாறு செய்வர். பட்டணத்துக்குத் தொலைவில் தோட்டத்தில் வாழ்வோருக்கு இம்முறை பேருதவியே.

வடித்த நீர் தெளிவாக இருத்தல் வேண்டும். பைக்குப் பின்னே அச்செழுத்தை வைத்தால் படிக்க இயலவேண்டும். நீர் கலங்கினால் கிருமி புகுந்ததென்றே முதலில் கொள்ளுதல் வேண்டும். வலியும் காய்ச்சலும் வரட்டும் எனக் காத்திருத்தல் தகாது.

பெரும்பாலும் இக்கிருமிகள் நம் கைத்தோலிலிருந்தே வருவன. கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடைத்து, முகமூடி அணிந்து பையை மாற்றுக என்று தாதியர் வலியுறுத்துவது இதனாலேயே. ஆயினும் எவரும் எதிர்பாராத வழிகளும் உண்டு.

வீட்டுப் பூனையை எடுத்துக் கொள்வோம். அதன் வாயில் பாஸ்டுரெல்லா என்னும் கிருமி வாழ்கிறது. இரவில் இயந்திரம் இயங்கும்போது நெளியும் குழாய், பூனைக்கு நல்ல விளையாட்டுப் பொருள்! கண்ணுக்குத் தெரியாத சிறு பற்குறியே போதும், கிருமி வயிற்றை அடைந்துவிடும். பூனையை விரட்டச் சொல்லவில்லை; அவ்வறைக் கதவைச் சாத்துங்கள் என்றே கூறுகிறோம்.

அடுத்தது மண். நம் நாட்டு ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி உள்ளது. கோலாலம்பூரில் 1913ஆம் ஆண்டிலேயே ஆய்வு விலங்குகளிடையே இந்நோய் காணப்பட்டது. நீரிழிவும் சிறுநீரக நோயும் உடையோரை இஃது எளிதில் பற்றும். வழக்கமாக முதலில் கொடுக்கும் மருந்துகள் சில இதற்குப் பயன்படா. சிகிச்சையும் மாதக்கணக்கில் நீளும். ஆகவே மழைக்காலத்தில் வெறுங்காலுடன் வடிகாலில் இறங்குதலும், குழாய்வாய் நனையுமாறு ஆற்றில் குளித்தலும் வேண்டா.

காசநோய்க் கிருமியும் வயிற்றைத் தாக்குவதுண்டு. வழக்கமான சோதனையில் அது அகப்படாது. காளான் வகைக் கிருமி தொற்றினாலோ மருந்து மட்டும் போதாது. குழாயையே அகற்ற நேரிடும்.

கலங்கலெல்லாம் கிருமியன்று என்பதும் உண்மையே. சில இரத்த அழுத்த மாத்திரைகளால் நீர் பால்போல் வெளுக்கக் கூடும். ஆனால் அதனை வீட்டிலிருந்தே தீர்மானிக்க முடியுமா? மருந்துநீர் நெஞ்சுக் கூட்டுக்குள் கசிவதும் அரிதாக நிகழும். மூச்சுத் திணறி, வடியும் நீரும் குறைந்தால், அடுத்த பையைச் செலுத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

கலங்கிய பையை எறிந்துவிட வேண்டா. அன்றே அதனைக் கையோடு கொண்டு செல்க. எஞ்சிக் கிடக்கும் பழைய மாத்திரையை விழுங்கிவிட்டுச் சென்றால், சோதனையில் கிருமி மறைந்து நிற்கும். வீட்டில் பூனை இருப்பதையும் மண்வேலை செய்ததையும் டாக்டர் கேளாவிடினும் நீங்களே கூறிவிடுங்கள்.