வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி பஞ்சம்



குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிறது காஹாங். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில். ஆண்டு முழுக்க வெயில். அங்குள்ள தோட்டப் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறையுமா என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் 2013இல் வெளிவந்த சியானட்ஸ் ஆய்வு, மலேசியப் பிள்ளைகளில் 47.5 விழுக்காட்டினருக்கு அச்சத்து போதவில்லை என்றது. விடியுமுன் பள்ளிப் பேருந்து, மதியம் டியூஷன், மாலையில் கைப்பேசி. வெயில் எங்கே படும்? நம் கறுத்த தோலுக்கோ கூடுதல் நேரம் வெயில் வேண்டும்.

இந்தக் குறை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தைகளிடம் அதிகம் தெரிகிறது. 2012இல் வெளிவந்த ஆய்வுகளின்படி பாஸ்டனில் 40 விழுக்காடு, கனடாவில் 69. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2016இல் 74. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பாஸ்டனில், சத்து குறைந்த பிள்ளைகளுக்கு நோயின் கடுமை அதிகம். கனடாவிலும் டில்லியிலும் அவர்கள் கூடுதல் நாள் படுக்கையில் இருந்தார்கள்.

"அப்படியானால் மருந்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே டாக்டர்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள், அம்மா. கடும் நோயில் ஏற்றப்படும் திரவத்தால் இரத்தம் நீர்த்துப் போகும். இச்சத்தைச் சுமக்கும் புரதமும் குறையும். ஆகவே சத்துக் குறைவால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் அளவு இறங்கியதா என்பது இன்னும் முடியாத வழக்கு. 2019இல் அமெரிக்காவில் கவலைக்கிடமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் பெரிய அளவு கொடுத்துப் பார்த்தார்கள். மரணம் குறையவில்லை.

எனவே பிள்ளை நன்றாக இருக்கும்போதே கவனிப்பதுதான் கைக்கெட்டிய வேலை. மத்தி, கெம்போங் மீன், முட்டை மஞ்சள் கரு, சத்து சேர்த்த பால் கொடுங்கள். காலை ஏழு மணி இளவெயிலில் குழந்தையைக் காட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். இதமான வழக்கம்தான், ஆனால் அந்த நேரத்துக் கதிரில் இச்சத்து அதிகம் ஊறாது. நிழல் ஆளைவிடக் குட்டையாக விழும் நேரத்தில், தோல் சிவக்காமல் சில நிமிடம் விளையாட விடுங்கள். கண்ணாடி சன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைக்கு நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து என்பது பல நாட்டு மருத்துவர்களின் பரிந்துரை. அதையும் கிளினிக்கில் கேட்டே கொடுங்கள். இணையத்தில் வாங்கும் புட்டிகளில் ஒரு சொட்டின் அளவு ஒவ்வொன்றிலும் வேறு. மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும், வாந்தி வரும், சிறுநீரகம் கெடும். பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கி ஓடும்போது வீட்டில் கொடுத்த புட்டியையும் கையோடு கொண்டு போங்கள். முதலில் அதைத்தான் மருத்துவர் கேட்பார்.