குடும்பச் சொத்தும் பொறுப்பாளர் கணக்கும்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குச் சொந்த ஊரோடு உள்ள தொடர்பு ஒரு பழைய வீட்டின் வடிவிலோ சில மா நிலத்தின் வடிவிலோ நிலைத்திருக்கிறது. பாட்டனார் தம் காலத்திலேயே ஒரு பத்திரம் எழுதிச் சொத்தை மக்களுள் ஒருவர் பொறுப்பில் ஒப்புவித்து, அதன் வருவாயை இன்னின்னாருக்கு இவ்விதம் கொடுத்து வரவேண்டியது என்று விதித்திருப்பார். இதனையே டிரஸ்டு என்கிறோம். சொத்தைக் கையில் வைத்திருப்பவருக்கும் அதன் பயனைப் பெறவேண்டியவர்களுக்கும் இடையே மனக்கசப்பு நேரும்போது செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கும்பகோணத்தில் ஒரு வீடு. அதன் முன்கட்டில் இரண்டு கடைகள் வாடகைக்கு விடப்பட்டுள்ளன. ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு. பொறுப்பு இளைய மகனிடம் இருக்கிறது. மூத்தவர் இருவரும் காலமாகிவிட்டனர். பயன் பெற உரியவர்கள் மூவர்: கொல்கத்தாவில் வாழும் மகள், தில்லியில் உத்தியோகம் பார்க்கும் பேரன், மும்பையில் தாயுடன் இருந்து பள்ளியில் படிக்கும் பேத்தி. முதற் சில ஆண்டுகளில் தீபாவளிக்கு முன்னரே பணம் வந்தது. பின்னர்க் குறைந்தது; அதன் பின்னர் நின்றே போயிற்று. கேட்டால், ஓடு மாற்றினோம், வரி கட்டினோம் என்ற விடை கிடைக்கிறது. இப்போது தோப்பு விலைபோகிறது என்று ஒரு கலியாணப் பந்தலில் யாரோ சொல்லக் கேட்கிறார்கள்.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நம் போன்றோர்க்கு ‘டிரஸ்டு’ என்பது தொல்லை மிகுந்த சொல். ‘அறக்கட்டளை’ என்று பெயர்த்தால் அன்னதானமும் பாடசாலையும் நினைவுக்கு வருகின்றன. ‘தர்மகர்த்தா’ என்றாலோ கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இச்சொற்களால் வரும் கேடு சிறிதன்று. கொடுப்பவர் தருமம் செய்பவர் போலவும், பெறுபவர் தானம் ஏற்பவர் போலவும் ஒரு மயக்கம் குடும்பத்தில் வேரூன்றிவிடுகிறது. உரிமையைக் கேட்பவர் யாசகரைப் போலக் கூசி நிற்கிறார். ஆதலின் நாம் ‘பொறுப்பாளர்’ என்றும் ‘பயனாளர்’ என்றுமே வழங்குவோம்.

இவ்விருவர் உறவையும் ஆள்வது 1882 ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டம். அச்சட்டத்தின்படி டிரஸ்டு என்பது ஒருவருடைய உடைமையோடு பிணைக்கப்பட்ட ஒரு கடப்பாடு. அவர்மீது வைக்கப்பட்ட நம்பிக்கையை அவர் ஏற்றுக்கொண்டதனால் விளைவது. பொறுப்பாளரே உடைமையாளர், பட்டா அவர் பெயரில் இருக்கலாம். ஆனால் அவ்வுடைமையைத் தம் நலத்துக்கென ஆள அவருக்கு உரிமை இல்லை. பிரிவினையாகாத இந்துக் குடும்பத்தினர் தமக்குள் கொண்ட உறவையும், வக்பையும், சமய, தருமக் கட்டளைகளையும் இச்சட்டம் தொடுவதில்லை. பொது டிரஸ்டுகளின்மீது வழக்கிட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவு தனி வழி வகுத்துள்ளது. குடும்ப டிரஸ்டுக்கு அவ்வழி பொருந்தாது.

சச்சரவு தோன்றியதும் முதலில் படிக்கவேண்டியது பத்திரத்தை. வியப்பாக இருக்கலாம், பல குடும்பங்களில் பயனாளர் ஒருவரும் பத்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை. அசையாச் சொத்தைப் பற்றிய டிரஸ்டு ஒன்று உயிலால் ஏற்பட்டிருக்கவேண்டும். அன்றேல் கையொப்பமிட்டுப் பதிவு செய்த பத்திரத்தால் ஏற்பட்டிருக்கவேண்டும். பொறுப்பாளருக்கு விற்கும் அதிகாரம் உண்டா, எவருக்கு எத்தனை பங்கு, எத்தனை காலத்துக்கு என்பனவெல்லாம் அதில்தான் உள்ளன. பத்திரம் எழுதியவர் சட்ட வல்லுநராக இருந்தாலும் போதாது. கொல்கத்தாவில் பெயர்பெற்ற அரசாங்க வக்கீலாக விளங்கிய பிரசன்னகுமார் தாகூர், கிறித்துவ சமயம் தழுவிய தம் ஒரே மகன் ஞானேந்திரமோகனுக்கு ஒன்றுமில்லாதபடி, சொத்தைப் பொறுப்பாளர்களிடம் ஒப்புவித்துத் தலைமுறை தலைமுறையாக ஆண்வழிக்கே செல்லுமாறு உயில் எழுதிவைத்து 1868 இல் மறைந்தார். மகன் வழக்குத் தொடுத்தார். 1872 இல் இலண்டன் பிரிவி கவுன்சில், சட்டம் அறியாத புதுவகை வாரிசு முறையை ஒருவர் தம் விருப்பப்படி படைத்தல் இயலாது என்று கூறி, முதற் பயனாளரின் ஆயுட்கால உரிமையை மட்டும் நிறுத்தி, அதற்கப்பாற்பட்ட ஏற்பாட்டைச் செல்லாதென்று தள்ளிற்று. பத்திரத்தை எழுதியவரின் எண்ணம் ஒன்று, சட்டம் அனுமதிப்பது மற்றொன்று என்பதற்கு இதனைவிடப் பெயர்பெற்ற வழக்கு நம் நாட்டில் அரிது.

இனிக் கணக்குக்கு வருவோம். பொறுப்பாளர்மீது வரும் குறைகளுள் பெரும்பாலானவற்றின் வேர் கணக்கிலேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. சட்டத்தின் 19 ஆம் பிரிவு, பொறுப்பாளர் தெளிவும் திருத்தமுமான கணக்கு வைத்திருக்கவேண்டும் என்றும், பயனாளர் கேட்கும்போது தகுந்த வேளையில் சொத்தின் அளவையும் நிலையையும் பற்றிய முழுச் செய்தியைத் தரவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. 57 ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பத்திரம், சொத்தின் உரிமை ஆவணங்கள், கணக்குகள், அவற்றுக்குரிய செலவுச் சீட்டுகள் ஆகியவற்றைப் பயனாளர் பார்வையிடலாம், நகலும் எடுத்துக்கொள்ளலாம். தம் கடமை குறித்துப் பொறுப்பாளர் ஒரு வக்கீலிடம் கருத்துக் கேட்டிருந்தால், அக்கருத்தையும் பார்க்கலாம். இது பலரும் அறியாத உரிமை.

கணக்குக் கேட்டவுடன் ஊரிலிருந்து வரும் மறுமொழி நாம் அறிந்ததே: “என்மேல் நம்பிக்கை இல்லையா?” இவ்வினா நெஞ்சைத் தைப்பது. தைக்கவேண்டும் என்றே கேட்கப்படுவதும் உண்டு. ஆனால் சட்டம் முழுவதும் நம்பிக்கை என்னும் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டதாயினும், நம்பிக்கை இருக்கிறதே, கணக்கு எதற்கு என்று அது ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆகவே தில்லியிலிருக்கும் பேரன் வக்கீல் அறிவிப்போடு தொடங்காமல், “சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்” என்றே தொடங்கலாம். தொடங்கிய பின்னர் மூன்றாண்டு வாடகை, வரி, பழுதுபார்த்த செலவு, வங்கி இருப்பு ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கேட்கவேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். கொல்கத்தா அத்தைக்கும் மும்பைச் சித்திக்கும் ஒரு நகல் போகவேண்டும். தொலைபேசியில் பேசிய பேச்சு பிற்காலத்தில் ஒருவருக்கும் நினைவிராது.

பொறுப்பாளர் பக்கத்தையும் நோக்கவேண்டும். பத்திரத்திலோ பிற்பாடு செய்த உடன்பாட்டிலோ இடமில்லாவிட்டால் அவருக்குச் சம்பளமில்லை. வெளியூரிலிருப்போர் இதனை எண்ணிப் பார்ப்பது குறைவு. வாடகைக்காரரோடு மல்லுக்கு நிற்பவரும், நகராட்சி அலுவலகத்தில் வெயிலில் காத்திருப்பவரும் சித்தப்பாதாம். முறையாகச் செய்த செலவைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதைக் கணக்கில் எழுதி எடுப்பதில் இழுக்கொன்றுமில்லை. எழுதாமல் எடுப்பதே பின்னர்ப் பழியாகிறது. எல்லாப் பயனாளர்களையும் அவர் ஒருதன்மையாக நடத்தவேண்டும் என்பதும் விதி. அருகிலிருக்கும் உறவினருக்கு முன்னும் தொலைவிலிருப்பவருக்குப் பின்னுமாகக் கொடுத்தல் ஆகாது.

ஐயம் நேர்ந்த பொறுப்பாளருக்குச் சட்டம் ஓர் அரிய துணையைத் தந்திருக்கிறது. 34 ஆம் பிரிவின்படி, வழக்கு ஏதும் தொடராமலே முதன்மை உரிமையியல் நீதிமன்றத்துக்கு ஒரு மனுச் செய்து, நிர்வாகம் பற்றிய கேள்விக்கு அறிவுரை பெறலாம். உண்மையை ஒளிக்காமல் சொல்லி, பெற்ற அறிவுரைப்படி நடந்தால், அவ்விஷயத்தில் அவர் தம் கடமையைச் செய்தவராகவே கொள்ளப்படுவார். சிக்கல் மிகுந்தவற்றுக்கு இவ்வழி உதவாது. ஆயினும் தோப்பைப் பற்றிய கேள்வியை இவ்வாறு கேட்டிருந்தால், கலியாணப் பந்தலில் வதந்தி எழுந்திராது.

விற்பனை என்று வரும்போது விழிப்பு வேண்டும். விற்கும் பொறுப்புள்ளவர் அச்சொத்தைத் தாமே வாங்கலாகாது. வேறொருவர் பெயரில் தமக்காக வாங்கவும் ஆகாது. பொறுப்பாளர் இருவர் இருப்பின், பத்திரம் வேறு விதமாகச் சொன்னாலன்றி இருவரும் சேர்ந்தே செயற்படவேண்டும். பயனாளர்க்கோ பெரிய இடர் அவருடைய சொந்தக் கையெழுத்தே. பிழையான செயலுக்கு, வற்புறுத்தல் ஏதுமின்றி, முழு விவரமும் தம் உரிமையும் அறிந்து உடன்பட்ட பயனாளர், பின்னர் அந்நட்டத்துக்குப் பொறுப்பாளரைப் பிடிக்க முடியாது. விடுமுறைக்கு ஊர் போன இடத்தில், இரயிலுக்கு நேரமாயிற்று என்று படிக்காத தாளில் கையெழுத்திட்டுத் திரும்புவோர் நம்மில் எத்தனை பேர்! பின்னர்ப் படிக்கவில்லை என்று மெய்ப்பிப்பது எளிதன்று.

சொத்துக் கைமாறிவிட்டால் நிலைமை வேறு. டிரஸ்டு என்பதே அறியாமல், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து தோப்பை மீட்க இயலாது. பொறுப்பாளரிடம் ஈடு கேட்பதே எஞ்சும். எனவே கடிதம் விற்பனைக்கு முன்னர்ச் சேரவேண்டும். சேர்ந்தும் நில்லாவிட்டால் நீதிமன்றத் தடையை நாடவேண்டும்.

“நாலு பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்ப்போம்” என்ற வழக்கம் நம்மிடம் உண்டு. பத்திரத்திலேயே, சச்சரவு எழுந்தால் நடுவர் தீர்ப்பே முடிவு என்று எழுதிவைப்பதும் உண்டு. மும்பையில் எழுந்த ஒரு குடும்ப டிரஸ்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதற்கு முடிவு கூறியது. பத்திரத்தில் பயனாளர் கையெழுத்திடவில்லை. ஆதலின் அது அவர்களுக்கிடையே ஏற்பட்ட உடன்பாடு ஆகாது. அன்றியும் இச்சட்டமே நீதிமன்றத்தில் வேண்டிய பரிகாரங்களை வகுத்திருப்பதால், டிரஸ்டுப் பத்திரம் பற்றிய சச்சரவு நடுவர் தீர்ப்புக்கு உரியதன்று. அந்த வாசகத்தை நம்பி ஆண்டுகளைக் கழிப்பது வீண்.

சமரசம் வேறு. அங்கே தீர்ப்பளிப்பவர் இல்லை. இரு திறத்தாரும் இசைந்தாலன்றி முடிவும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தைச் சார்ந்த சமரச மையம் 2005 முதல் இயங்கி வருகிறது. நடப்பிலுள்ள வழக்குகளை நீதிமன்றங்கள் அவ்வழிக்கு அனுப்புகின்றன. குடும்பச் சச்சரவில் இதுவே சிறந்த வழி என்று நாம் கருதுகிறோம். தீர்ப்புக்குப் பின்னரும் அத்தையும் சித்தப்பாவும் ஒரே வீட்டுத் திவசத்தில் முகம் பார்க்கவேண்டியவர்கள் அல்லரோ? ஆனால் மும்பையில் படிக்கும் சிறுமியை மறந்துவிடலாகாது. வயது வராதவருக்காக அவர் தாயே இசைந்தாலும், வழக்கில் நீதிமன்றத்தின் அனுமதியின்றிச் செய்த சமரசத்தால் அச்சிறுமி கட்டுப்படாள். வழக்கில்லாமலே பத்திரத்தின் விதிகளை மாற்ற விரும்பினாலும் பயனாளர் அனைவரும் இசையவேண்டும். சிறுமிக்குப் பதிலாக அவ்விசைவைத் தரவல்லது நீதிமன்றமே. பெரியவர்கள் மூவர் கூடி விரைவில் முடித்த ஏற்பாடு, அவள் பதினெட்டு வயதை எய்தியதும் மீண்டும் திறக்கப்படுவது இதனாலேதான்.

வழக்கென்று போனால், நிலம், வீடு பற்றிய வழக்கு பெரும்பாலும் சொத்து இருக்கும் ஊர்ப்பக்கத்து நீதிமன்றத்திலேயே நடக்கும். தில்லிக்காரர் நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க நேரிடும். ஒரு நன்மை உண்டு. 1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 10 ஆம் பிரிவின்படி, பொறுப்பாளரிடமிருந்து டிரஸ்டுச் சொத்தையோ கணக்கையோ கேட்கும் வழக்கைக் காலம் கடந்ததென்று தள்ள முடியாது. விலை கொடுத்து வாங்கியவர்க்கு எதிராக இச்சலுகை இல்லை. காவல் நிலையத்துக்கு ஓடுவதை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் நம்பிக்கை மோசடி குற்றமே. ஆயினும் கணக்கு எழுதாத சோம்பலும் பணத்தைக் கையாடிய வஞ்சனையும் ஒன்றல்ல.

பொறுப்பாளர் முதுமையினாலோ வெறுப்பினாலோ விலக விரும்பினால், ஏற்ற பொறுப்பைத் தாமாக உதறிவிட இயலாது. நீதிமன்ற அனுமதியோ, வயது வந்த பயனாளர் அனைவரின் இசைவோ, பத்திரத்தில் தனி அதிகாரமோ வேண்டும். நம் எடுத்துக்காட்டில் சிறுமி ஒருத்தி இருப்பதால், பத்திரம் இடந்தராவிட்டால் நீதிமன்றமே கதி. புதியவராக வரத் தகாதவர் பட்டியலில் வெளிநாட்டைத் தம் நாடாகக் கொண்டவரும், பயனாளர் நலத்துக்கு மாறான நலமுடையவரும், கடனில் மூழ்கியவரும் உள்ளனர். தனிச்சட்டம் இடந்தந்தாலன்றித் திருமணமான பெண்ணையும் 1882 இல் அப்பட்டியலில் சிறுவரோடு சேர்த்து எழுதிவைத்தனர். அந்த நாளைய மனப்பான்மை அது. வேறு மாநிலத்தில் வாழ்வது மட்டும் தடையாகாது. தில்லிப் பேரனே பொறுப்பேற்க முன்வரலாம். ஏற்றால் கடை வாடகையை வாங்கி, வரியைக் கட்டி, ஆண்டு முடிவில் கணக்கெழுதிக் கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் அனுப்பவேண்டியவர் அவரே.