முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்

சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

உங்களில் சிலர் மனநல மருத்துவமனைகளுக்கும், மாவட்ட மனநலத் திட்டத்துக்கும், மறுவாழ்வு இல்லங்களுக்கும் பணிக்குப் போவீர்கள். மனச்சிதைவோ பைபோலாரோ உள்ள ஒருவர் உங்கள் எதிரே வந்து உட்காருவார். தூக்கம் வருகிறதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, குரல் கேட்கிறதா என்று விசாரிப்பீர்கள். விசாரிக்கத்தான் வேண்டும். கூடவே, அந்த முதல் சந்திப்பிலேயே இதையும் கேளுங்கள்: "என்ன வேலைக்குப் போக ஆசைப்படறீங்க?" பல வருடமாக ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறவர்களிடம்கூட இதை யாரும் கேட்டிருப்பதில்லை.

"முதல்ல முழுசா குணமாகட்டும், வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான். நம் துறையும் வெகுகாலம் இதையேதான் சொன்னது: முதலில் பயிற்சி, பிறகு வேலை. பயிற்சிக் கூடங்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், பூட்டிய வார்டுகளில் கிடந்தவர்களின் கைக்கு வேலை கொடுக்கப் பாடுபட்டவர். 1984-ல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் பயிற்சிக் கூடத்துக்கு மெழுகுவத்தி ஊற்றவும் காகித உறை ஒட்டவும் வந்தவர், ஐந்து வருடம் கழித்தும் அங்கேயே உறை ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்தை மூடிவிட்டு, அங்கே வந்தவர்களுக்கு நேரடியாக வெளியில் வேலை தேடித்தர முடிவெடுத்தார்கள். நோய் திரும்பிவிடும், ஆஸ்பத்திரி நிரம்பிவிடும் என்று பலரும் பயந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடியது. ஆய்வாளர்கள் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் இருவரும் 1990-களில் வகுத்த முறை இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது. வேலைக்குப் போக விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி பார்ப்பதில்லை. எல்லோரும் பார்க்கிற வேலை, எல்லோருக்கும் உள்ள சம்பளம். ஒரு மாதத்துக்குள் தேடல் தொடங்கிவிடும். வேலை பார்த்துத் தருகிறவர் மருத்துவரின் குழுவிலேயே இருப்பார். அவர் பொறுப்பில் இருபது பேருக்கு மேல் கிடையாது. வேலை கிடைத்த பிறகும் துணை நிற்பார். இத்தனை மாதம்தான் என்ற கெடு இல்லை.

பிறகு லண்டன், உல்ம், ரிமினி, சூரிச், குரோனிங்கன், சோஃபியா ஆகிய ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் 'லான்செட்' இதழில் வந்தது. இந்த முறையில் உதவி பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். வழக்கமான பயிற்சி மையங்களின் வழியே போனவர்கள் 28 சதவீதம். மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் முதல் பிரிவில்தான் குறைவு.

வேலை வாங்கித் தருவதைவிட அதில் நிலைக்க வைப்பது கடினம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் சேர்ந்த ஒரு பெண்ணை நான் அறிவேன். ராத்திரி போடும் மாத்திரையின் மயக்கம் காலை ஒன்பது மணி வரை தெளியாது. தலைக்கு மேலே ஸ்பீக்கரில் நாள் முழுக்கப் பாட்டு. அதோடு அவர் காதுக்குள் கேட்கும் குரல்களும் கலந்துகொள்ளும். சூப்பர்வைசரிடம் பேசி, மேசையை ஸ்பீக்கரிலிருந்து தள்ளிப் போட்டோம். ஒரு மணி நேரம் தாமதமாக வரவும் சம்மதம் வாங்கினோம். செலவு என்று ஒரு பைசா இல்லை. சனிக்கிழமைச் சம்பளம் ஒழுங்காக வீட்டுக்கு வந்தது.

மூன்றாம் மாதம் திடீரென்று நின்றுவிட்டார். நோய் முற்றிவிட்டது என்றே வீட்டில் நினைத்தார்கள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. டீ நேரத்தில் மாத்திரை போடுவதைப் பார்த்து, "தினமும் என்னக்கா போடற?" என்று கூட வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். பதில் சொல்லக் கூச்சப்பட்டு நின்றிருக்கிறார். மருத்துவரிடம் சொன்னோம், அவர் பார்த்துவிட்டு அந்த மாத்திரையையும் இரவுக்கே மாற்றினார். மறுவாரம் அந்தப் பெண் தன் மேசைக்குத் திரும்பினார். வேலை பார்த்துத் தருகிறவரும் மருத்துவரும் ஒரே குழுவில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் உண்டு. அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நான்கு சதவீத ஒதுக்கீட்டில், ஒரு சதவீதம் மனநோய் உள்ளிட்ட சில பிரிவினருக்குச் சேர்த்து உரியது. பணியில் இருக்கும்போது ஒருவருக்கு மனநோய் வந்துவிட்டால், அதைக் காரணம் காட்டி அரசு அலுவலகம் அவரை நீக்க முடியாது. இதையெல்லாம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் நம் மக்களில் பெரும்பாலோர் பிழைப்பு நடத்துவது கடைகளிலும் கம்பெனிகளிலும் பட்டறைகளிலும். அங்கே இந்த ஒதுக்கீடு கிடையாது. நீங்கள்தான் நடந்துபோய் முதலாளியின் முன் நிற்க வேண்டும்.

போவதற்கு முன், நோயைப் பற்றிச் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம் என்று வேலைக்குப் போகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தர்மத்துக்கு ஓர் இடம் கேட்டு நிற்காதீர்கள். அவர் என்ன செய்வார், எத்தனை மணிக்கு வருவார், சிக்கல் வந்தால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று பேசுங்கள். போன் வந்தால் எடுங்கள்.

சில வேலைகள் நிலைக்காது. உங்களுக்கும் எனக்கும்கூட முதல் வேலை நிலைப்பதில்லையே! "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று வீட்டில் யாராவது சொல்வதற்குள் போய்ச் சேருங்கள். அந்த வேலையில் எது பிடித்தது, எது தாங்க முடியவில்லை என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து எந்தக் கம்பெனிக்குப் போகலாம் என்ற பேச்சை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.