நட்டு, போல்ட்டு, மாதம் 500 ரூபாய்

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

யோகா, மாடித்தோட்டம், மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றையும் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது மெக்கானோ.

ஓட்டை போட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், குட்டி நட்டு போல்ட்டு. அறுபதைத் தாண்டியவர்கள் தலையாட்டுவது தெரிகிறது. லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஓட்டைக்கு ஓட்டை அரை அங்குலம். அந்த இடைவெளி மாறவே இல்லை. தாத்தா காலத்துப் பட்டையோடு புதுப் பட்டையும் சேரும். அந்தக் காலத்தில் பெட்டிகளுக்கு எண் இருந்தது. 3-ஆம் எண் வைத்திருந்தவர் ‘3ஏ’ என்ற துணைப்பெட்டி வாங்கியதும் அது 4-ஆம் எண் ஆகிவிட்டது. தவணை முறையில் வளர்ந்த பொம்மை! எங்கள் வீட்டுக்கு அந்தத் தவணையும் கட்டுப்படியாகவில்லை. மாமா பையனின் ஒரே பெட்டியை வைத்துக் கோடை விடுமுறையில் நாலு பேர் முறை போட்டு விளையாடினோம்.

ஓய்வுபெற்ற பிறகு பழைய லிவர்பூல் பெட்டிகளின் விலையைப் பார்த்தேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். பென்ஷனில் மருந்து, மெயின்டனன்ஸ் போக (பொருளாளர் கவனிக்கவும், ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுகிறேன்) இதற்கென்று மாதம் 500 ரூபாய். தனி நோட்டு, வரவு, செலவு, இருப்பு. மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும், முன்பணம் கிடையாது.

பழைய சாமான் கடைக்குப் போகும்போது பையில் ஒரு ஸ்கேல். ஓட்டை இடைவெளி 12.7 மி.மீ. இருந்தால்தான் பேரம். பழைய போல்ட்டின் மரை 5/32 அங்குல விட்வொர்த். ஹார்டுவேர் கடையின் 4 மி.மீ. போல்ட்டும் அதே ஓட்டையில் நுழையும், விலையும் குறைவு. ஆனால் பழைய போல்ட்டில் புது நட்டை வலுவாக முறுக்கினால் மரை போய்விடும். இரண்டுக்கும் தனித்தனி டப்பா. துரு இருந்தால் ஒரு ராத்திரி புளித்தண்ணீர், பிறகு நன்றாகத் துடைத்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய்.

இதை வெறும் விளையாட்டு என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் மெக்கானோ பாகங்களைக் கொண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் எந்திரம் செய்தார்கள். செலவு சுமார் 20 பவுண்டு. பி.காம். படித்த எனக்குச் சமன்பாடு புரியாது. 20 பவுண்டு புரிகிறது.

நான் கட்டியது ஒரு கிரேன். பதினொரு வாரம் ஆனது. நோட்டு எண்ணிய விரல்கள் இப்போது காலையில் மடங்க மறுக்கின்றன. முதலில் ஒரு நட்டைப் பிடிக்கவே திணறினேன். இப்போது பரவாயில்லை. “இது துணி காயப்போடுமா?” என்று கேட்ட என் மனைவிக்கு, கிளிப் டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

சி பிளாக் பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்திக்கு எட்டு வயது. போகும்போது போல்ட்டுகளை எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். எங்கள் கேஷ் கவுன்டரில் உட்கார வைத்திருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட் அறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமை அடுத்த மாதம் காலி செய்யப் போகிறோம். அங்கே யாரோ விட்டுப்போன இரண்டு அட்டைப்பெட்டிகளில் இதே மாதிரிப் பட்டைகள் இருக்கின்றன. எடைக்குப் போட்டால் இரும்பு விலைதான் வரும். போட வேண்டாம். ஹாலில் ஒரு அலமாரித் தட்டு கொடுங்கள், சனிக்கிழமை ஒரு மணி நேரம் நான் உட்காருகிறேன். சொந்தக்காரர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்கப் பட்டியலும் போட்டுத் தருகிறேன். செயலாளர் சாவி மட்டும் கொடுத்தால் போதும். எண்ணுவதற்கு அந்த எட்டு வயதுக்காரி தயார்.