'இன்' வந்தால் 'இல்லை'யா?

 

ஆங்கிலப் பாடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் இரண்டே எழுத்தைப் பற்றிப் பேசுகிறேன். 'ஐ', 'என்'. சேர்த்துப் படித்தால் 'இன்'.

"சார், முன்னால 'இன்' வந்தா 'இல்லை'ன்னு அர்த்தம்" என்பான் ஐந்தாம் வகுப்புப் பையன். சரிதான். விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது, இன்விசிபிள், தெரியாதது. நாம் நீதி, அநீதி என்கிறோம். அவசியம், அனாவசியம் என்கிறோம். அதே வேலைதான். வடமொழி வழியாக வந்த அந்த 'அ', 'அன்' இரண்டும், லத்தீனிலிருந்து வந்த இந்த 'இன்'னும் ஒரே வேரில் முளைத்தவை.

இது உருவமும் மாறும். பாசிபிளுக்கு முன் 'இம்', லீகலுக்கு முன் 'இல்', ரெகுலருக்கு முன் 'இர்'. மரம், கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அதுபோல நாக்கின் வசதிக்காக. புணர்ச்சி படித்த பிள்ளைக்கு இது ஒரு கஷ்டமா? தமிழ் இலக்கணம் படித்தால் ஆங்கிலம் வராது என்று சிலர் சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் லத்தீனில் இன்னொரு 'இன்' உண்டு. அதன் பொருள் 'உள்ளே'. மூச்சை உள்ளே இழுப்பது இன்ஹேல். நாட்டுக்குள் சரக்கு கொண்டு வருவது இம்போர்ட்.

பெற்றோர்களே, இங்கேதான் ஆபத்து. தின்னர் டின், பெட்ரோல் டிரம், சுங்கைப் பட்டாணி ரோட்டில் போகும் எண்ணெய் லாரி, இவற்றில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கலாம். ஃப்ளேம் என்றால் தீச்சுவாலை. முன்னால் 'இன்' இருக்கிறது. ஆகவே தீப்பிடிக்காது என்று பையன் கணக்குப் போடுவான். தப்பு! எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். தீ மூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஆங்கிலம் பேசுகிறவர்களே இதில் குழம்பினார்கள். அதனால்தான் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. இரண்டும் ஒன்றே. தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று வேறு சொல். மலாயில் 'மூடா தெர்பாக்கார்' என்று போட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஸ்டோர் பக்கம் பீடி பற்ற வைக்கும் அண்ணன்மார்களே, வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் இந்தச் சொல்லை ஒருமுறை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்களை யாராவது 'இன்வால்யுவபிள்' என்றால் அழ வேண்டாம். அதில் இருப்பது 'இல்லை'யைக் குறிக்கும் 'இன்'தான்; ஆனாலும் மதிப்பில்லாதவர் என்று பொருளல்ல, மதிப்புப் போட முடியாதவர் என்று பொருள். அகராதியைப் புரட்டிப் பாருங்கள். 'இன்ச்' என்ற சொல்லும் அங்கே வரும். அதில் இந்த இரண்டு 'இன்'னும் கிடையாது. பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிக்கும் 'உன்சியா' என்ற லத்தீன் சொல் அப்படித் திரிந்துவிட்டது. ஓர் அடிக்கு எத்தனை இன்ச் என்று உங்களுக்குத் தெரியுமே!