எதை நம்பி நிற்கிறோம்?



உடல் சமநிலை பற்றிய கருத்தரங்குக்குத் தலைமை தாங்க உடலியங்கியல் ஆசிரியன் ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். மருந்துச் சீட்டு எழுதாதவன், ஆகவே எந்தத் துறைக்கும் சார்பாகப் பேசமாட்டான் என்று அமைப்பாளர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கு சரிதானா என்பதை உரையின் முடிவில் அவர்களே சொல்லட்டும்.

தலைசுற்று என்று வருகிறவரை எழுப்பி நிறுத்துகிறோம். விழாமல் நிற்கிறாரா என்று பார்க்கிறோம். நின்றுவிட்டால் திருப்தியாகிவிடுகிறது. எதை நம்பி நிற்கிறார் என்று கேட்பதில்லை. நான் இன்று வற்புறுத்த விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

அசையாமல் நிற்பது என்று ஒன்று கிடையாது. சிப்பாய் விறைப்பாக நின்றாலும் அவர் உடல் கணுக்காலை அச்சாகக் கொண்டு முன்னும் பின்னும் ஓயாமல் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. விசையை அளக்கும் பலகைமேல் ஏற்றி நிறுத்தினால் அந்த ஆட்டம் திரையில் கோடாக ஓடுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு சிறு சாய்வையும் கண்டுபிடித்துத் திருத்துவதற்குப் பெயர்தான் நிற்பது. சாய்வைக் கண்டுபிடிக்க நமக்குக் கண் இருக்கிறது, உள்காது இருக்கிறது, பாதமும் மூட்டுகளும் தசைகளும் அனுப்பும் உணர்வு இருக்கிறது. இந்த மூன்றில் எதையும் தனியாக நம்ப முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்ந்தால் நம் ரயில் கிளம்பிவிட்டதாகக் கண் சொல்லும். உள்காதின் அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதைச் சொல்லும். கழுத்து மட்டும் திரும்பியதா, உடல் முழுவதுமே திரும்புகிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. அவற்றை ஒட்டி, சுண்ணாம்புத் துகள்களைச் சுமந்துகொண்டு, இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. புவியீர்ப்பின் திசை அவற்றின் பொறுப்பு. ஆனால் தலை பின்னால் சாய்ந்ததா, வண்டி முன்னால் வேகமெடுத்ததா என்று அவற்றால் மட்டும் பிரித்தறிய முடியாது. பாதமும் கணுக்காலும் தரைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கோணத்தை ஒழுங்காகச் சொல்லும்; சாய்ந்தது நாமா, தரையா என்று படகில் நிற்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். மூன்று சாட்சிகளும் பொய் சொல்கிறவர்கள் அல்லர். ஆளுக்குப் பாதி பார்த்தவர்கள். பஞ்சாயத்துத் தலைவரைப் போல மூளை மூவரையும் விசாரித்து, இந்த இடத்தில், இந்த வெளிச்சத்தில் யார் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று நொடிக்கு நொடி தீர்ப்புச் சொல்கிறது.

தீர்ப்பு சொல்ல முடியாதபோது என்ன ஆகும் என்பதைக் கொல்லிமலைப் பேருந்தில் ஏறியவர்கள் அறிவார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் உள்காது எண்ணிக்கொண்டிருக்க, கையிலிருக்கும் செல்போன் திரையைப் பார்த்துக் கண் ‘எதுவும் அசையவில்லை’ என்று சாதிக்கிறது. அப்புறம் எலுமிச்சம்பழத்தைத் தேட வேண்டியதுதான். சாலையையே பார்த்துக்கொண்டு, அடுத்த வளைவை முன்கூட்டியே அறிந்து ஓட்டும் ஓட்டுநருக்குக் குமட்டுவதில்லை.

கண்ணின் சாட்சியம் எவ்வளவு வலிமையானது என்பதற்கு எடின்பரோவில் டேவிட் லீயும் எரிக் ஆரன்சனும் செய்து 1974இல் வெளியிட்ட சோதனையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. ஓர் அறை. அதன் தரை அசையாது. சுவர்களும் கூரையும் மட்டும் ஒன்றாக நகரும். நிற்கப் பழகிச் சில வாரங்களோ மாதங்களோ ஆன, 13 முதல் 16 மாதக் குழந்தைகளை உள்ளே நிறுத்தினார்கள். எதிர்ச்சுவர் மெல்ல முன்னால் வந்ததும், தாங்கள் முன்னால் சாய்வதாக எண்ணிய குழந்தைகள் பின்னால் சாய்ந்து திருத்திக்கொள்ளப் பார்த்தார்கள். பலர் தள்ளாடினார்கள், சிலர் பொத்தென்று உட்கார்ந்தே விட்டார்கள். தரை ஒரு மயிரிழையும் அசையவில்லை. பாதமும் உள்காதும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. குழந்தையின் மூளை கண் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது. பெரியவர்களும் அந்த அறையில் லேசாக ஆடினார்கள். ஆனால் விழவில்லை. ஏழு வயதைத் தாண்டும்போதுதான் மூன்று உணர்வுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் திறன் பெரியவர்களின் அளவை நெருங்குகிறது.

பெரியவர்களிடம் இந்தப் பங்கீடு எப்படி என்று ராபர்ட் பீட்டர்கா 2002இல் ஆராய்ந்து காட்டினார். நல்ல வெளிச்சத்தில், உறுதியான தரையில் நிற்கும் ஆரோக்கியமானவருக்குப் பாதம், மூட்டு வழி உணர்வு சுமார் 70 விழுக்காடு, உள்காது 20, பார்வை 10 என்று பாடப் புத்தகங்கள் இன்று எடுத்தாள்கின்றன. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த எண்களை அல்ல, தரை மாறினால் எண்களும் மாறிவிடும் என்பதை. மணலில் நின்றால் பாதத்தின் பங்கு சரிந்து உள்காதின் பங்கு ஏறுகிறது. விளக்கணைந்தால் கண்ணின் பங்கு போய்விடுகிறது. இந்த மாற்றத்தைச் சட்டென்று செய்யத் தெரிவதுதான் ஆரோக்கியம். மூன்றில் ஒன்று பழுதானவர் மற்ற இரண்டை வைத்து நன்றாகவே நிற்பார், மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றை நாம் பிடுங்கும் வரை.

பிடுங்கிப் பார்க்கும் முறையை 1840களிலேயே பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க் விவரித்துவிட்டார். தண்டுவடத்தின் பின்பகுதி கெட்ட நோயாளிகள் கண் திறந்திருக்கும்போது நின்றார்கள். கண்ணை மூடச் சொன்னதும் ஆடத் தொடங்கினார்கள். ரோம்பர்க் சோதனை என்றதும் சிறுமூளை என்று பதில் சொல்லும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சிறுமூளை கெட்டவர் கண் திறந்திருக்கும்போதே ஆடுவார். ரோம்பர்க் காட்டியது வேறு: அந்த நோயாளியின் பாதம் எப்போதோ பேசுவதை நிறுத்திவிட்டது, அவர் கண்ணை நம்பி நின்றுகொண்டிருந்தார், அது அவருக்கே தெரியாது. அத்தகையவர் முகம் கழுவும்போது தடுமாறுவார் என்பது பழைய மருத்துவர்கள் அறிந்த அடையாளம். நம் வீட்டுக் குளியலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரை, முகத்தில் சோப்பு நுரை, இறுக மூடிய கண், குவளையைத் தேடி நீளும் கை. ரோம்பர்க் சோதனை அங்கே தினமும் நடக்கிறது. பக்கத்தில் தாங்கிப் பிடிக்க மருத்துவர் இல்லை, அவ்வளவுதான்.

கண்ணை நம்பி நிற்கும் இந்த நிலையின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை இயன் வாட்டர்மேன் காட்டினார். 1971இல், 19 வயதில், காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வையும் மூட்டு, தசை உணர்வையும் முழுமையாக இழந்த ஆங்கிலேயர். தசைகளில் பலம் இருந்தது. அவற்றை வைத்து என்ன செய்வதென்று உடலுக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தி, பெரும்பாடுபட்டு நடக்கக் கற்றுக்கொண்டார். மருத்துவர் ஜோனதன் கோல் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். வாட்டர்மேன் நிற்கும் அறையில் விளக்கணைந்தால் அவரால் நிற்க முடியாது.

உள்காதை இழப்பது வேறு வகைத் துன்பம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கொண்டதால் இரு பக்க உள்காதுச் சமநிலையையும் இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு, 1952இல் தன் அனுபவத்தை மருத்துவ இதழில் எழுதினார். படிப்பதற்காகக் கட்டில் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்து வைத்தாராம். அப்போதும் நாடித் துடிப்புக்குத் தலை அசைய, எழுத்துகள் துள்ளின. நடந்துகொண்டே எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண அவரால் முடியவில்லை. நின்றால்தான் முகம் தெரிந்தது. காரணம் எளியது. தலை ஒரு பக்கம் அசைந்தால் கண்ணை மறுபக்கம் திருப்பிக் காட்சியை நிலைநிறுத்துவது உள்காது. அதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 10 மில்லி விநாடி. பார்வை தானே அந்த வேலையைச் செய்ய முயன்றால் 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். இருக்கையிலிருந்தே சோதித்துப் பாருங்கள்: விரலை முகத்துக்கு நேரே பிடித்து வேகமாக ஆட்டினால் ரேகை மங்கும், விரலை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டினால் ரேகை தெளிவாகத் தெரியும்.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. காசநோய்ச் சிகிச்சை ஆய்வில் உலகுக்கே வழிகாட்டியது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம். வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி தரும் முறையும் அங்கே ஆராயப்பட்டது. அந்த மருந்து பல உயிர்களைக் காப்பாற்றியது. அதன் விலையைச் சிலர் உள்காதால் கொடுத்தார்கள். மறுசிகிச்சையில் அந்த ஊசியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கிறோம். அப்படிச் சமநிலை இழந்தவர்கள் பகலில், தார்ச்சாலையில், சாதாரணமாகத்தான் நடப்பார்கள். இருட்டில் வரப்பில் நடக்கச் சொன்னால் தெரியும். கலங்கிய ஆற்றில் முங்கினால் உயிருக்கே ஆபத்து: கால் தரையில் இல்லை, கண் தெரியவில்லை, மேல் எது கீழ் எது என்று சொல்ல உள்ளே ஆளில்லை.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாதம்.

வேலூரில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழுகிப்போவது நோய் தின்பதால் அல்ல, வலி தெரியாமல் அடிபடுவதால் என்று நிறுவினார். மரத்துப்போன பாதத்தைக் காப்பதற்கு இன்று உலகம் கைக்கொள்ளும் அணுகுமுறையில் பெரும்பகுதி அங்கிருந்து கிளம்பியது. அந்த மரபில் வந்தவர்கள் நாம். சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கிறோம். தெரியவில்லை என்றால் புண் வரும் என்று எச்சரிக்கிறோம், மெத்தென்ற செருப்பு எழுதித் தருகிறோம், வெறுங்காலில் நடக்காதீர்கள் என்கிறோம். எல்லாம் சரி. அந்தப் பாதம்தான் சமநிலையின் முதன்மைச் சாட்சி, அது ஊமையாகிவிட்டது, இவர் இனிக் கண்ணையும் காதையும் நம்பித்தான் நிற்கிறார் என்று எந்தச் சீட்டிலாவது எழுதுகிறோமா? இந்தியாவில் சர்க்கரை நோயுடன் வாழ்வோர் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலருக்குக் கண்ணும் மங்கிக்கொண்டிருக்கும். இருப்பதில் மேலான சாட்சியை இழந்தவர், இன்னொன்றையும் இழந்துகொண்டிருக்கிறார். நம் படிவத்தில் பாதத்துக்கு ஒரு பக்கம், கண்ணுக்கு ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பக்கம் இல்லை.

கண்ணாடி பற்றியும் ஒரு வார்த்தை. மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாக அமைந்த கண்ணாடி, படியிறங்கும்போது கால் வைக்கும் இடத்தைக் கலங்கலாகக் காட்டுகிறது. முதியோர் விழுவதற்கு இது ஒரு காரணம் என்று சிட்னியின் ஸ்டீபன் லார்டும் சகாக்களும் 2002இல் காட்டினார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தாத்தாவை வீட்டில் கண்டிக்கிறார்கள். கண்டிக்காதீர்கள். ஜான் ஜெக்காவும் ஜேம்ஸ் லாக்னரும் 1994இல் செய்த சோதனையில், விரல் நுனியால் ஒரு கம்பியை ஒரு நியூட்டனுக்கும் குறைவான விசையில், அதாவது 100 கிராம் எடைகூட இல்லாத அழுத்தத்தில், தொட்டாலே உடலின் ஆட்டம் கணிசமாகக் குறைந்தது. அந்த அழுத்தம் யாரையும் தாங்காது. அது தருவது தாங்கல் அல்ல, செய்தி. பாதம் சொல்லாததை விரல் சொல்கிறது. கைத்தடியை ‘இன்னும் எனக்கு அந்த வயசு வரலை’ என்று ஒதுக்கும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

நம் மருத்துவமனைகளில் தலைசுற்றுக்கு நடப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சபையில் பலர் முகம் சுளிக்கக்கூடும். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகள் கடுமையான சில நாட்களுக்கு உரியவை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை தன் பங்கீட்டைத் திருத்திக்கொள்வதையே அவை தாமதப்படுத்தும். முதியவர்களுக்கு நடுக்கவாதம் போன்ற நிலையையும் வரவழைக்கும். பயிற்சி என்ற ஒன்று இருக்கிறது. காதோர்ன், கூக்சி என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1940களில் வகுத்த கண், தலை, நடைப் பயிற்சிகளுக்குத் தேவை ஒரு பந்தும் பொறுமையும்தான்.

கருவி இல்லை என்று சொல்லவும் வழியில்லை. தரையும் சுற்றுச்சுவரும் உடலோடு சேர்ந்து சாயும் விலையுயர்ந்த மேடையை லூயிஸ் நாஷ்னர் உருவாக்கினார் என்பது உண்மைதான். ஆனால் 1986இல் ஆன் ஷம்வே-குக், ஃபே ஹொராக் இருவரும் ஒரு நுரைத் திண்டையும், தலையில் மாட்ட ஒரு ஜப்பானியக் காகித விளக்குக் கூட்டையும் வைத்து கண்ணையும் தரையையும் மாற்றி மாற்றி அந்த மேடை சோதிக்கும் ஆறு நிலைகளையும் பார்க்கும் வழியைச் சொல்லிவிட்டார்கள். கூடுகூட வேண்டாம். கண் திறந்தும் மூடியும் தரையில் ஒருமுறை, திண்டின்மேல் ஒருமுறை, பக்கத்தில் பிடிக்க ஒருவர். திண்டின்மேல் கண்ணை மூடியதும் ஆடுகிறவரிடம் உள்காதைச் சந்தேகிக்கலாம். தரையிலேயே ஆடினால் பாதத்தை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் புள்ளிவிவரத்தைப் பல கட்டுரைகள் இங்கே மேற்கோள் காட்டப்போகின்றன என்பதை நிரலைப் பார்த்தே அறிந்தேன். கருத்தரங்கின் முடிவில் தீர்மானங்கள் போடுவது வழக்கம். இந்த முறை ஒரே ஒரு தீர்மானம் போதும் என்று அமைப்பாளர்களை வேண்டுகிறேன்: ஆரம்ப சுகாதார நிலையம் முதல் பெரிய மருத்துவமனை வரை, நைலான் இழையைப் பாதம் உணரவில்லை என்று குறிக்கும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியையும் அங்கேயே கண்ணை மூடி நிற்கவைத்துப் பார்க்க வேண்டும், ஆடினால், குளியலறையில் கைப்பிடியும் இரவு விளக்கும் வைக்கும்படி வீட்டாரிடம் சொல்லிவிட்டு, இயன்முறை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதை எழுதி, அரசுக்கு அனுப்பிவிட்டுக் கலையுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.